ஆக்ஸிஜன் சென்ஸர் கூறும் கணக்கு: பெட்ரோல் வண்டி வைத்திருப்போர் அறிய வேண்டுவன

நமது ஜில்லாவில் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துப் பலாப்பழமும் வாழைத்தாரும் பூக்கூடைகளும் மாட்டு வண்டியேறிச் சந்தைக்குப் போன காலம் மறைந்து வெகு நாளாயிற்று. இப்பொழுது அநேக மிராசுதாரர்கள் சிறு பார வண்டி ஒன்றைச் சொந்தமாகவே வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் குட்டி யானை என்று செல்லமாய் அழைக்கும் இவ்வகை வண்டிகளில் டீஸலில் ஓடுவனவும் உண்டு, பெட்ரோலில் ஓடுவனவும் உண்டு. வயலுக்கும் தாலுகாக் கச்சேரிக்கும் போய்வர மோட்டார் சைக்கிள் இல்லாத வீடும் அரிது. 2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ம் தேதி பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி அமுலுக்கு வந்தது முதல், புதிதாய் விற்கப்படும் மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் அநேகமாய் ஒழிந்து, பெட்ரோலைப் பீச்சிக் கொடுக்கும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. இம்மாற்றத்தோடு கூட வந்ததே ஆக்ஸிஜன் சென்ஸர் என்னும் சிறு கருவி. பயிர்ப் பாடம் எழுத வேண்டிய பக்கத்தில் எஞ்ஜின் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அறுவடை செய்த சரக்கு சந்தைக்குப் போய்ச் சேரும் செலவும் சாகுபடிச் செலவில் ஒரு பகுதியே என்பது என் அபிப்பிராயம்.

கார்புரேட்டர் இருந்த நாளில், வண்டி பெட்ரோலை அதிகமாய்க் குடித்தால் மெக்கானிக்கிடம் விட்டு, "கொஞ்சம் டியூன் பண்ணிக் கொடு தம்பி" என்போம். அவரும் ஒரு திருகாணியைக் கால் சுற்று அரைச் சுற்று திருப்பி, சப்தத்தைக் காதால் கேட்டுச் சரி செய்வார். இன்ஜெக்டர் வைத்த எஞ்ஜினில் அத்தகைய வேலைக்கு இடமில்லை. அதில் ஒரு சிறு கம்ப்யூட்டர் ஓயாமல் டியூன் செய்துகொண்டேயிருக்கிறது. அதற்குப் புகைக் குழாயில் உள்ள ஒரே கண் இந்தச் சென்ஸர். ஆகவே சென்ஸர் காட்டும் அளவை வாசிக்கத் தெரியாதவர் இவ்வெஞ்ஜினில் கை வைப்பது, தராசு பார்க்கத் தெரியாதவர் நெல் நிறுப்பது போலாகும்.

கலவையின் கணக்கு

வெல்லம் காய்ச்சும் கொப்பரை அடுப்பில் சக்கையை அளவுக்கு மீறித் திணித்துக் காற்று வழியை அடைத்தால் கரும்புகை கிளம்புகிறது; எரிபொருள் பாதி வீணாகிறது. காற்று மிதமிஞ்சிப் புகுந்தாலோ சூடு காற்றோடு போய்விடுகிறது. எஞ்ஜினிலும் இதே கணக்குத்தான். சுத்தமான பெட்ரோல் 1 கிலோ முழுவதும் எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9000 லிட்டர் காற்று! வண்டி ஓட்டுகிறவர் பெட்ரோலுக்கு மாத்திரமே பணம் கொடுப்பதால் இந்தக் காற்றை நினைப்பதில்லை.

பெட்ரோல் மிகுந்து காற்றுக் குறைந்த கலவையை மெக்கானிக்குகள் ரிச் என்பர். காற்று மிகுந்ததை லீன் என்பர். நாம் இவற்றைச் செறிந்த கலவை, மெலிந்த கலவை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சென்ற காற்றை, எரிவதற்கு வேண்டிய காற்றால் வகுத்தால் வரும் எண்ணுக்கு லாம்டா என்று பெயர். லாம்டா 1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரிக்குச் சரி. 1-க்குக் கீழ் செறிவு. 1-க்கு மேல் மெலிவு. நாலு சக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்குக் கொடுக்கும் புகைப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பாரத் ஸ்டேஜ் 4, 6 வண்டிகளில் எஞ்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 2500 சுற்று ஓடும்போது லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது பொது விதி. சீட்டைப் பத்திரமாய் மடித்து வைப்பவர் பலர். அந்த எண்ணை வாசிப்பவரைக் காண்பது அரிது.

சென்ஸர் எதை அளக்கிறது?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஆக்ஸிஜன் சென்ஸர் பெட்ரோலை அளக்கவில்லை. எரிந்து முடிந்து வெளியேறும் புகையில் மீதியாய் நிற்கும் பிராணவாயுவை மாத்திரமே அது அளக்கிறது. அதைக்கொண்டு கலவை இன்னபடி இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. அளப்பது ஒன்று, ஊகிப்பது மற்றொன்று என்னும் இப்பேதத்தை மறக்கலாகாது.

கருவியின் உள்ளே சிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருளாலான விரலுறை வடிவச் சிமிழ் ஒன்று இருக்கிறது. அதன் இருபுறமும் பிளாட்டினம் மெல்லியதாய்ப் பூசப்பட்டிருக்கும். ஒரு புறத்தில் வெளிக்காற்று. அதில் சுமார் 21 சதவீதம் பிராணவாயு. மறு புறத்தில் எஞ்ஜின் புகை. சிமிழ் சுமார் 300 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறியதும், இரு புறத்துப் பிராணவாயுவின் ஏற்றத்தாழ்வுக்குத் தக்கபடி அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. இதன் சூத்திரத்தை ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் 19-ம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். 1920-ம் வருஷத்து ரசாயன நோபல் பரிசு அவருடையது. ஆனால் மோட்டார் வண்டியில் இது ஏறியது 1976-ல்தான். போஷ் கம்பெனி செய்து வால்வோ காரில் வைத்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இச்சென்ஸருக்கு விஷம். நம் தேசத்தில் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995-லும், தேசமெங்கும் 2000-ம் வருஷம் பிப்ரவரியிலும் வந்தது. அதற்குப் பின்னரே இக்கருவி இங்கே பரவ வழி பிறந்தது.

புகையில் பிராணவாயு அநேகமாய் இல்லையென்றால், அதாவது கலவை செறிந்திருந்தால், சென்ஸர் 0.8 அல்லது 0.9 வோல்ட் காட்டும். பிராணவாயு மிஞ்சி நின்றால் 0.1 வோல்ட் அளவில் நிற்கும். நடுக்கோடு 0.45 வோல்ட். எண் கூடினால் செறிவு, குறைந்தால் மெலிவு. சூடேறிய நல்ல எஞ்ஜினில் இந்த எண் ஓரிடத்தில் நிற்காது; 0.1-க்கும் 0.9-க்கும் இடையே மேலும் கீழுமாய் ஆடிக்கொண்டேயிருக்கும். மெலிவு என்று சென்ஸர் சொன்னதும் கம்ப்யூட்டர் சற்று அதிகமாய்ப் பீச்சுகிறது; செறிவு என்றதும் குறைக்கிறது. இந்த ஆட்டத்தைக் கண்டு கருவி கெட்டுவிட்டதென்று பயப்படுவோர் உண்டு. ஆடுவதே ஆரோக்கியம், ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால்தான் விசாரிக்க வேண்டும்.

சென்ஸரைப் பொறுத்தவரை, 0.9 வோல்ட் என்பது எவ்வளவு செறிவு என்று சொல்லாது. நடுக்கோட்டின் அருகே எண் செங்குத்தாய் ஏறி இறங்கும்; அப்பால் இரு புறமும் தட்டையாகிவிடும். லாம்டா 0.95 ஆயினும் 0.85 ஆயினும் ஏறக்குறைய ஒரே எண்தான். மடை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும். எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று சொல்லாது.

வடிகால் நீரும் நண்டு வளையும்

நெல் வயலுக்குத் தண்ணீர் போதுமா என்று வடிகாலைப் பார்த்து மதிப்பிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வடிகாலில் நீர் ஓடினால் வயல் நிறைந்துவிட்டது என்று கொள்கிறோம். ஆனால் வரப்பில் நண்டு வளை விழுந்து பக்கத்து வாய்க்கால் நீர் நேரே வடிகாலில் வந்து சேர்ந்தாலோ? வயல் காய்ந்து கிடக்கும். வடிகால் மட்டும் பொய்ச் சாட்சி சொல்லும். ஆக்ஸிஜன் சென்ஸருக்கும் இக்கதி நேருகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்தும் அனுபவத்தில் தவறினேன். கீரமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், திருச்சிக்கு வாழைத்தார் ஏற்றும் தமது பெட்ரோல் பார வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது 13-க்கு இறங்கிவிட்டது என்று வந்தார். முகப்பில் எஞ்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்தது. கருவியை இணைத்துப் பார்த்தேன். கலவை மெலிந்திருக்கிறது என்ற குற்றக் குறி, பி 0171, வந்தது. கம்ப்யூட்டர் தன் வழக்கமான அளவுக்கு மேல் 22 சதவீதம் பெட்ரோல் கூட்டிப் பீச்சிக்கொண்டிருந்தது. சென்ஸர்தான் கெட்டிருக்கும், மாற்றுங்கள் என்றேன். அவரும் என் பேச்சை நம்பிப் புதிது வாங்கிப் போட்டார். 2 நாளில் அதே விளக்கு, அதே குறி. "புது சென்ஸரும் பொய் சொல்லுகிறதா சார்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

பிறகுதான் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கத் தோன்றிற்று. முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். மூன்றும் கரி படிந்து கறுத்திருந்தன. சென்ஸர் மெலிவு என்கிறது. பிளக்கோ செறிவு என்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் இடையில் ஏதோ ஒரு நண்டு வளை இருக்க வேண்டும். மறுநாள் காலை எஞ்ஜின் குளிர்ந்திருக்கையில் ஸ்டார்ட் செய்து, சூடேறுமுன் புகைக் குழாயின் மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவினோம். எஞ்ஜினோடு குழாய் சேரும் இடத்தில், சென்ஸருக்கு முன்னதாகவே, குமிழி கிளம்பியது. கேஸ்கட் ஓரத்தில் வெந்து போயிருந்தது. புகை விட்டு விட்டு வருவதால், இரண்டு வீச்சுக்கு நடுவே அத்துவாரத்தின் வழியாய் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்ஸர் அதையும் சேர்த்து அளந்திருக்கிறது. கம்ப்யூட்டரோ அதை நம்பி வீணே பெட்ரோலைக் கொட்டியது. புது கேஸ்கட்டின் விலை, சென்ஸர் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. கழற்றிய பழைய சென்ஸரையே திரும்ப மாட்டினோம். இன்றும் அதுதான் ஓடுகிறது. புதிதை அவர் பீரோவில் வைத்திருக்கிறார். என்னைக் கண்டால் ஞாபகப்படுத்தத் தவறுவதில்லை.

இதே வகைப் பொய்ச் சாட்சி இன்னொன்று உண்டு. ஒரு பிளக் அடிக்காமல் போனால் அந்தச் சிலிண்டரின் பெட்ரோலும் காற்றும் எரியாமலே வெளியேறும். எரியாத பெட்ரோலைச் சென்ஸர் காணாது. செலவாகாத பிராணவாயுவை மாத்திரம் கண்டு மெலிவு என்று கூவும். இதற்கு மருந்து பிளக்கும் காயிலும், பெட்ரோலைக் கூட்டுவதல்ல.

அளவை வாசிக்கும் முறை

நாலு சக்கர வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளையுள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகிக் கைபேசியில் எண்களைப் பார்க்கும் சிறு கருவி இப்பொழுது சில நூறு ரூபாய் முதற்கொண்டே கிடைக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு அதற்கேற்ற வேறு இணைப்புக் கம்பி வேண்டும். எஞ்ஜினை நன்றாய்ச் சூடேற்றிய பின்பே பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்ஜினில் கம்ப்யூட்டர் சென்ஸரைக் கேட்பதேயில்லை; எழுதி வைத்த கணக்கின்படி செறிவாகவே பீச்சும். முழு வேகத்தில் பாரம் இழுக்கும்போதும் அப்படியே. அப்பொழுது லாம்டா 0.85 முதல் 0.9 வரை செறிந்திருப்பது எஞ்ஜினுக்கு நல்லது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் நின்று எண் பூஜ்யத்தை ஒட்டி விழும், அதுவும் குற்றமல்ல.

சென்ஸர் எண்ணைவிட அதிகம் கவனிக்க வேண்டியது, டிரிம் என்று காட்டும் சதவீதம். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்பதை அது சொல்லும். கூட்டல் 5-க்கும் கழித்தல் 5-க்கும் உள்ளே இருந்தால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். எஞ்ஜின் சும்மா ஓடும்போதும், 2500 சுற்றில் நிறுத்தி ஓட்டும்போதும் இரு முறை குறித்துக்கொள்ளுங்கள். சும்மா ஓடும்போது கூட்டல் மிகுந்து, வேகத்தில் சமனாகிவிட்டால், உள்ளிழுக்கும் வழியில் எங்கேனும் ரப்பர் குழாய் வெடித்தோ மூட்டு தளர்ந்தோ காற்றுக் கசிகிறது. அல்லது நான் கண்டதுபோல் புகைக் குழாயில் கசிவு. முன்னதில் பிளக் நல்ல பழுப்பு நிறமாயும், பின்னதில் கறுத்தும் இருக்கும். சும்மா ஓடும்போது சமனாயிருந்து பாரத்தில் கூட்டல் ஏறினால் பெட்ரோல் பில்டரும் பம்பும் சந்தேகத்துக்குரியவை. கழித்தல் மிகுந்தால் இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்றும், தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் சென்ஸர் எஞ்ஜின் குளிர்ந்திருப்பதாய்த் தவறிச் சொல்கிறதா என்றும் பாருங்கள்.

சிலிண்டரிலிருந்து வரும் புகை, சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் வழியே போன பிறகு இரண்டாவது சென்ஸர் ஒன்று பல வண்டிகளில் உண்டு. அது முதலாவதைப்போல் ஆடக்கூடாது, 0.6, 0.7 வோல்ட் அளவில் நிதானமாய் நிற்க வேண்டும். அதுவும் சேர்ந்து ஆடினால் கன்வெர்ட்டர் செயலற்றுவிட்டது என்று அர்த்தம்.

வோல்ட் மீட்டரால் நேரே பார்க்க விரும்புவோர் டிஜிட்டல் மீட்டரையே உபயோகிக்க வேண்டும். பல்பு டெஸ்டரை வைத்துத் தொட்டுப் பார்ப்பது சென்ஸருக்கு ஆகாது. அதன் மின்சாரம் மிகச் சொற்பம். நாலு கம்பிச் சென்ஸரில் ஒரே நிறமுள்ள இரண்டும் பெரும்பாலும் உள்ளேயுள்ள ஹீட்டருக்கானவை. ஐந்து கம்பி வந்தால் அது வேறு ஜாதி. அதற்கு வைட்பேண்ட் என்று பெயர். அது லாம்டாவை எண்ணாகவே அளக்கும். அதற்கு 0.45 வோல்ட் கணக்குப் பொருந்தாது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025-க்குள் தேசமெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே பங்குகளில் பொது வழக்கமாகிவிட்டது. நம் கரும்பும் மக்காச்சோளமும் இப்படித் திரும்பி நம் வண்டிக்கே வருகின்றன. எத்தனாலுக்குள்ளேயே பிராணவாயு இருப்பதால் அதன் 1 கிலோவுக்கு 9 கிலோ காற்றே போதும். கலந்த பெட்ரோலுக்கு 14.7 என்னும் கணக்குச் சுமார் 13.5 ஆகிவிடுகிறது. 10 சதவீதக் கலவைக்கென அமைத்த வண்டியில் டிரிம் 4, 5 சதவீதம் கூடுதலாய் நிற்பது இயல்பே. இதற்காகச் சென்ஸரை மாற்றச் சொல்வார்கள். செவி கொடுக்க வேண்டாம். மீட்டரில் 14.7 என்று காட்டினாலும் அது லாம்டா 1 என்பதன் வேறு வேஷமே. ஆகையால் டியூன் செய்வோர் லாம்டாவைக்கொண்டே கணக்கிடுவது உத்தமம்.

மைலேஜ் கருவி என்னும் ஏமாற்று

சென்ஸர் கம்பியில் ஒரு சிறு பெட்டியை இணைத்தால் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் கூடும் என்று விற்கிறார்கள். அப்பெட்டி செய்வதெல்லாம், கலவை செறிந்திருப்பதாய்க் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிப் பெட்ரோலைக் குறைக்க வைப்பதே. பாரம் ஏற்றி மேட்டில் இழுக்கும் எஞ்ஜின் மெலிந்த கலவையில் தட்டும், சூடேறும். வால்வும் பிஸ்டனும் கருகும். மீதமாகும் பெட்ரோலை எஞ்ஜின் வேலைச் செலவு பல மடங்காய் விழுங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காரி மைதானத்திலும் பந்தய வண்டிகளைக் கம்ப்யூட்டர் மாற்றி டியூன் செய்கிறார்களே என்று வாலிபர்கள் கேட்கலாம். அவர்கள் வைட்பேண்ட் சென்ஸர் வைத்து, ஒவ்வொரு வேகத்துக்கும் பாரத்துக்கும் லாம்டாவைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். எஞ்ஜினைப் பிரித்துப் பூட்டும் செலவுக்கும் தயாராயிருக்கிறார்கள். சாலையில் ஓடும் வண்டியைக் கம்பெனி அமைப்புக்கு மாறாய்த் திருத்துவது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுக்கு விரோதம் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் எடுத்துச் சொல்லலாம்.

இவ்வளவும் பெட்ரோல் எஞ்ஜினுக்கே. டீஸல் எஞ்ஜின் எப்பொழுதும் மிகுதியான காற்றிலேயே ஓடுவது. லாம்டா 1 என்பது அதற்கு லட்சியமன்று. கிணற்று டீஸல் பம்புக்கோ டிராக்டருக்கோ இந்த எண்களைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சென்ஸரைக் கழற்ற நேர்ந்தால் எஞ்ஜின் இளஞ்சூடாய் இருக்கும்போது கழற்றுங்கள். குளிர்ந்த பின் மரை பிடித்துக்கொள்ளும். அதன் முனையைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் கலவை செறிவு. வெள்ளைத் தூளாய் இருந்தால் கேஸ்கட்டுக்குத் தடவிய சிலிகான் பசையின் ஆவி படிந்திருக்கலாம். அது போகாது, மாற்றத்தான் வேண்டும். எஞ்ஜின் எண்ணெய் எரிந்து சாம்பல் படிந்திருந்தால் புதுச் சென்ஸர் போடுமுன் பிஸ்டன் ரிங்கைக் கவனியுங்கள். முனையை உப்புத்தாளால் தேய்ப்பதும் பெட்ரோலில் ஊற வைப்பதும் பிளாட்டினப் பூச்சைக் கெடுக்கும். கம்பியின் இணைப்பில் எண்ணெயோ கிரீஸோ படாமல் உலர்ந்திருக்கச் செய்யுங்கள். அநேகச் சென்ஸர்களில் வெளிக்காற்று அந்தக் கம்பி வழியாகவே உள்ளே போகிறது.